ரத்தத்தில் ஊறுவதில்லை நெசவு

"நெசவு எங்க ரத்தத்துலயே ஊறினது." காஞ்சிபுரம் வட்டாரத்தில் இந்தப் பேச்சைக் கேட்காமல் யாரும் வளர முடியாது. பட்டுக்கடை விளம்பரம் அதைப் பெருமையாகச் சொல்கிறது. கைத்தறி விழா மேடைகளில் அதைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வரும்போது அதே பேச்சு வேறு உருவம் எடுக்கிறது. ஒரு தகப்பனார் தன் மகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஆசிரியரிடம் சொல்கிறார்: "இவன் அப்படியே என்ன மாதிரிங்க சார். தலையில ஒண்ணும் நிக்காது. தறியில உக்காந்தா மட்டும் ஒரு இழை தப்பாது." ஆசிரியரும் தலையசைக்கிறார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மேடையில் கைதட்டல் வாங்கும் பேச்சும் அந்தப் பையனைத் தலைகுனிய வைக்கும் பேச்சும் ஒன்றே. திறமை பிறப்பிலேயே வருகிறது, குலத்தோடு வருகிறது, ஒருவனுக்கு எது வரும் எது வராது என்பது தொட்டிலிலேயே முடிவாகிவிட்டது என்ற நம்பிக்கைதான் இரண்டுக்கும் அடி. மனித மனத்தை ஆராய்வோர் நூறாண்டுக்கும் மேலாக விவாதித்து வரும் பெரிய கேள்வி இது: இயற்கையா, வளர்ப்பா? அந்த விவாதம் முழுதாக முடிந்துவிடவில்லை. ஆனால் குலத்தோடு புத்தி வருகிறது என்ற கட்சி ஒவ்வொரு கட்டத்திலும் தோற்றிருக்கிறது. தோற்ற கட்சி நம் ஊரில் மட்டும் ஜெயித்ததுபோல் நடமாடுவதை ஏற்க முடியாது.

முதல் சாட்சி காஞ்சிப் பட்டே. சௌராஷ்டிரர், சாலியர், தேவாங்கர், செங்குந்தர் என்று நெசவுக் குலங்களின் பெயர்களை அடுக்குவோம். ஆனால் காஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் கடந்த சில தலைமுறைகளாகத் தறி போட்டவர்களில் வன்னியர் உண்டு, தலித்துகள் உண்டு, அதற்கு முன் ஏரும் களையும் தவிர வேறு தெரியாத குடும்பங்கள் உண்டு. பட்டுக்குக் கிராக்கி இருந்தது, நிலத்தில் வருமானம் குறைந்தது, கற்றுக்கொண்டார்கள். அவர்கள் நெய்த சேலையையும் பரம்பரை நெசவாளி நெய்த சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால் எதில் எந்த ரத்தம் ஓடுகிறது என்று எந்த முதலாளியும் சொல்ல மாட்டார். நூறு தலைமுறை ரத்தத்தில் ஊறியது என்றார்களே, அது எப்படி ஒரே தலைமுறையில் பக்கத்து வீட்டுக்காரர் கைக்கு வந்தது?

தறியருகே சற்று நின்று பார்த்தால் பதில் கிடைக்கும். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. குழியில் காலிறக்கி மிதித்து நெய்பவர் ஒருவர். கரை நாடாவை வாங்கித் திருப்பி அனுப்ப இன்னோர் ஆள் வேண்டும். கரையின் ஊடும் உடலின் ஊடும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். ஒரு வரி விட்டால் பல்வரிசை உடைந்தது தெரிந்துவிடும், கூலியில் பிடிப்பார்கள். அந்த இரண்டாவது ஆள் பல காலம் வீட்டுப் பிள்ளையாகவோ, அடுத்த வீட்டிலிருந்து முன்பணத்துக்கு வந்த பிள்ளையாகவோ இருந்தது. எட்டு வயதில் உட்கார்ந்த பிள்ளை பதினைந்து வயதுக்குள் எத்தனை ஆயிரம் மணி நேரம் நாடா தள்ளியிருக்கும்? அப்பா எந்த இடத்தில் மூச்சை நிறுத்தி இழையைப் பார்க்கிறார், ஜரிகை எப்போது முறுக்கிக்கொள்ளும், எந்த ஓசை வந்தால் நூல் அறப்போகிறது என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு வாய்ப்பாடு போலப் பதிந்துவிடுகிறது. அதைத்தான் நாம் ரத்தம் என்கிறோம். அந்த ஆயிரக்கணக்கான மணி நேரத்தை மறைத்து அதற்கு ரத்தம் என்று பெயர் வைப்பது பிள்ளையின் உழைப்பைத் திருடுவதற்குச் சமம்.

திருட்டு என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். காஞ்சிபுரத்துத் தறிகளில் கடனுக்கு ஈடாகக் குழந்தைகள் கட்டப்பட்டிருந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அப்போதும் பேசப்பட்ட நியாயம் ஒன்று உண்டு: பிஞ்சு விரல்களுக்குத்தான் நுணுக்கமான வேலை வரும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புக்காக டெபோரா லெவிசனும் உடனாய்வாளர்களும் வட இந்தியக் கம்பளத் தொழிலில் இதே நியாயத்தைச் சோதித்து 1998இல் வெளியிட்டார்கள். மிக நுட்பமான முடிச்சுகளைப் பெரியவர்களை விடக் குழந்தைகள் அதிகமாகப் போடுகிறார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லை. குழந்தைகளைத் தேடிப் போனதற்குக் காரணம் அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய குறைந்த கூலி.

"கைத்திறமை இருக்கிறவனுக்கு மூளைத்திறமை குறையும்" என்ற துணை நம்பிக்கைக்கும் பழைய வரலாறு உண்டு. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1898இல் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போய் அங்குள்ளவர்களின் பார்வையை அளந்தார். சில ஆண்டுகளில் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களின் பார்வையையும் தொடுவுணர்வையும் அளந்தார். 'காட்டு மனிதர்'களுக்குப் புலன் கூர்மை, ஆகவே புத்தி மந்தம் என்பது அன்றைய ஐரோப்பிய நம்பிக்கை. டோரஸ் தீவுக்காரர்களின் பார்வை ஐரோப்பியரைவிடப் பெரிதாக மிஞ்சியதாக அவருடைய அளவுகள் காட்டவில்லை. இருந்தும், புலன்களில் அதிக ஆற்றலைச் செலவிட்டால் மேலே எழுப்ப வேண்டிய அறிவு பலவீனப்படும் என்ற கருத்தை அவரும் எழுதி வைத்தார். அளவுகோல் ஒன்றைச் சொல்ல, மனம் இன்னொன்றைச் சொன்னது. மாகறல் பக்கத்துத் தகப்பனார் ரிவர்ஸைப் படித்தவரல்லர், ஆனால் அதே பேச்சைப் பேசுகிறார். மகன் ஒரு இழை தப்பாமல் நெய்கிறான் என்றால் நூற்றுக்கணக்கான வரிகளின் ஒழுங்கை அவன் தலைக்குள் வைத்திருக்கிறான் என்று பொருள். தலையில் ஒன்றும் நிற்காதவனால் அது எப்படி முடியும்? நிற்கிறது. பாடப்புத்தகம் கேட்கும் விதத்தில் அதைக் கேட்டு வாங்க நமக்குத் தெரியவில்லை.

சரி, புத்தியை அளக்கும் சோதனைகள் இருக்கின்றனவே, அவை பொய்யா என்று கேட்பார்கள். இங்கே வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் சோதனையை 1905இல் பாரிஸில் உருவாக்கியவர் ஆல்பிரட் பினே. பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டுபிடித்து உதவுவதே அவர் நோக்கம். ஒருவனின் புத்தி மாறாத அளவு, அதைக் கூட்ட முடியாது என்று பேசியவர்களைக் கண்டித்து 1909இல் அவரே எழுதினார். அவர் 1911இல் மறைந்தார். கருவி மட்டும் அமெரிக்கா போயிற்று. ஹென்றி காடர்ட் அதை எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய ஏழைக் குடியேறிகளிடம் வைத்து, பெரும்பாலோர் மந்த புத்தி என்று முடிவு கட்டினார். கார்ல் பிரிகம் 1923இல் ராணுவச் சோதனை மதிப்பெண்களை வைத்து இனங்களின் புத்தியை வரிசைப்படுத்திப் புத்தகமே எழுதினார். 1930இல் தன் வாதம் அடித்தளமற்றது என்று அவரே திரும்பப் பெற்றார். அதற்குள், குடியேறிகளைக் கட்டுப்படுத்திய 1924ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

சிரில் பர்ட்டின் கதை இன்னும் கசப்பானது. பிரிந்து வளர்ந்த இரட்டையர்களின் புத்தி ஒத்திருக்கிறது என்று ஆய்வுகளில் காட்டிய பிரிட்டிஷ் உளவியலாளர் அவர், 'சர்' பட்டமும் பெற்றவர். அவரைச் சூழ்ந்திருந்த வட்டத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. அவர் 1971இல் இறந்தபின் லியான் கேமின் எண்களை எடுத்து வைத்துப் பார்த்தார். இரட்டையர் ஜோடிகள் 21ஆக இருந்தபோதும் 53ஆக உயர்ந்தபோதும் ஒப்புமை எண் மூன்றாம் தசமம் வரை மாறாமல் 0.771 என்றே இருந்தது. உண்மையாக அளந்தவர் யாருக்கும் அப்படி வராது. பர்ட் வேண்டுமென்றே புனைந்தாரா என்று இன்றும் வாதிடுகிறார்கள். அந்த எண்களை நம்ப முடியாது என்பதில் வாதமே இல்லை.

நம் நாட்டுக்கும் பினே வந்தார். வி. வி. காமத் தார்வாடில் கன்னட, மராத்தி பேசும் குழந்தைகளிடம் தழுவிய பினே–காமத் சோதனை 1940இல் புத்தகமாக வந்தது. மாலின் என்பவர் நாகபுரியில் உருவாக்கிய இன்னொன்று 1960களின் இறுதியைச் சேர்ந்தது. அறிவுசார் குறைபாட்டுக்குச் சான்றிதழ் தர இவை இன்றும் பயன்படுகின்றன. சான்றிதழ் தேவைப்படும் குழந்தைக்கு அது உரிமை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பல பத்தாண்டுகளுக்கு முன், வேறு மொழி பேசிய வேறு குழந்தைகளை வைத்து வகுத்த அளவுகோலால் இன்று மாகறலில் தமிழ் பேசும் நெசவாளர் மகளை அளந்து, வந்த எண்ணைப் பிறவிக் குணம் என்று படித்தால் அது அறிவியலாகாது. ஜேம்ஸ் ஃப்ளின் காட்டிய விஷயத்தையும் சேர்த்துப் பாருங்கள்: இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் இந்த மதிப்பெண்கள் தலைமுறைக்குத் தலைமுறை ஏறிக்கொண்டே வந்தன. அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று புள்ளி. முப்பது ஆண்டில் மரபணு மாறாது. பள்ளிக்கூடமும் சாப்பாடும் வாழ்க்கையும் மாறின.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையல்ல. பர்ட்டைத் தள்ளிவிட்டாலும் பிற்காலத்து நேர்மையான இரட்டையர் ஆய்வுகள் உள்ளன. ஒரே சமூகத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் மரபுக்குக் கணிசமான பங்கு இருப்பதை அவை காட்டுகின்றன. ஏற்கிறேன். ஆனால் ஒரு குழுவுக்குள் இருக்கும் வேறுபாட்டை விளக்குவது எதுவோ அதுவே இரண்டு குழுக்களுக்கு இடையிலான வேறுபாட்டையும் விளக்கும் என்று தாவினால் அங்கே தவறு நுழைகிறது. ரிச்சர்ட் லெவன்டின் 1970இல் விதையை வைத்து இதைத் தெளிவாக்கினார். நம் வயலுக்கு ஏற்பச் சொன்னால் இப்படி: ஒரே மூட்டையிலிருந்து விதைநெல்லைப் பிடிபிடியாக அள்ளி, ஒரு பிடியை ஏரிப்பாசன வயலிலும் ஒரு பிடியை வறண்ட மேட்டிலும் விதைக்கிறோம். ஒவ்வொரு வயலுக்குள்ளும் ஒரு பயிருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள உயர வேறுபாடு விதையால் வந்தது. இரண்டு வயல்களின் சராசரிக்கு நடுவே உள்ள வேறுபாடு முழுக்க மண்ணாலும் தண்ணீராலும் வந்தது. எரிக் டர்க்ஹைமர் குழு 2003இல் அமெரிக்காவின் ஏழு வயது இரட்டையர்களிடம் கண்டது இதற்கு இன்னும் கூர்மை சேர்த்தது. வசதியான வீடுகளில் மரபின் பங்கு பெரிதாகத் தெரிந்தது, மிக ஏழை வீடுகளில் அது ஏறத்தாழக் காணாமலே போயிற்று. எல்லா நாடுகளிலும் அது அப்படியே வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மரபின் பங்கு என்பது கல்லில் செதுக்கிய எண் இல்லை, இடத்துக்கு இடம் மாறுகிறது என்ற பாடம் அதனால் இன்னும் உறுதிதான் ஆகிறது.

இனி நம் மண்ணின் ஆய்வுக்கு வருகிறேன். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 ஊர்களில் 464 சிறு கரும்பு விவசாயிகள். செய்யாறு திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்துதான் மாகறலுக்கு வருகிறது. அவ்வளவு பக்கம். கரும்புக்காரருக்குப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை, வெட்டு முடிந்த பிறகு. வெட்டுக்கு முன் கையில் ஒன்றும் இருக்காது. அந்தச் சமயத்தில் நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பிறகு அது 4 ஆயிற்று. அதே மனிதர்களிடம் வெட்டுக்கு முன்னும் பின்னும், புத்தியை அளக்கப் பயன்படும் ரேவன் படப்புதிர்களைக் கொடுத்தார்கள். முன்பு சராசரியாக 4.35 சரி, பின்பு 5.45. அதே ரத்தம், அதே குலம், அதே தலை. அடகுச் சீட்டு மட்டும் மாறியிருக்கிறது. இரண்டாம் முறை செய்வதால் பழக்கத்தில் கூடியிருக்கலாமே என்று கேட்கலாம். அதற்காகவே நூறு விவசாயிகளைத் தனியே வைத்திருந்து, வெட்டுக்குப் பின்தான் முதல் முறையாகச் சோதித்தார்கள். ஆய்வின் புள்ளியியலை விமர்சித்தவர்களும் உண்டு, ஆசிரியர்கள் பதில் தந்தார்கள், விவாதம் தொடர்கிறது. விவாதம் நடக்கட்டும். ஆனால் தறிக்கு முன்பணம் வாங்கி, கூலியில் மாதாமாதம் கழித்துக்கொண்டிருக்கும் வீடுகளுக்குக் கரும்புக்காரரைப் போல வெட்டு என்ற ஒரு நாளே வருவதில்லை. அந்த வீட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைத்து ஒருநாள் மதிப்பெண்ணில் அவன் ஆயுளைப் படிக்கிறோம்.

இன்னோர் ஆய்வு என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள் 642 பேரிடம் நடத்தியது. பாதிப் பேர் உயர்த்தப்பட்ட சாதிகள், பாதிப் பேர் ஒடுக்கப்பட்ட சாதி. வழி கண்டுபிடிக்கும் கட்டப் புதிர்கள், ஒவ்வொன்றுக்கும் காசு உண்டு. சாதியை யாரும் சொல்லாதபோது இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிறகு வேறு குழுக்களில், புதிர் தொடங்கும் முன், ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், தகப்பன் பெயர், தாத்தா பெயர், சாதி என்று எல்லோர் முன்னிலையிலும் வாசித்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. ஒரு சில நொடி அறிவிப்பு. மரபணு எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது.

1953ஐ இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அன்றைய முதல்வர் ராஜாஜி சென்னை மாநிலத்தின் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நேரத்தை நாளைக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரோடு வீட்டுத் தொழில் கற்கட்டும் என்றார். பள்ளிக் கட்டடங்கள் போதவில்லை, இரண்டு வேளை வைத்தால் இரு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம், கைத்தொழிலுக்கு மதிப்பு வரும் என்பன அவர் வாதங்கள். கெட்ட எண்ணம் கற்பிக்காமலே அதை மறுக்கலாம். வக்கீல் வீட்டுப் பிள்ளை மீதி நேரத்தில் புத்தகத்தோடு இருக்கும், தறி வீட்டுப் பிள்ளை நாடாவோடு இருக்கும், பத்து ஆண்டில் இரண்டும் 'ரத்தம்' என்று பெயர் பெறும். பெரியாரும் திமுகவும் அதைக் குலக்கல்வி என்று அழைத்தது சரியான கணிப்பு. 1954இல் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் எண்ணம் போகவில்லை. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று வழி விட்டிருக்கிறது. குடும்பத் தொழிலை அடிப்படையாக வைத்த விஸ்வகர்மா திட்டத்தை அப்படியே ஏற்க முடியாது என்று 2024இல் தமிழ்நாடு அரசு ஒன்றிய அரசுக்கு எழுதியதை நான் அந்தக் காரணத்துக்காகவே ஆதரிக்கிறேன்.

"அப்படியானால் நாளைக்கு யார் நெய்வார்கள்?" இந்தக் கேள்வி உண்மையான கவலையிலிருந்து வருகிறது. கோர்வை நெய்யத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள், அது எனக்கும் வலிக்கிறது. ஆனால் ரத்தத்தில் ஊறியது என்று நம்புகிறவர்கள்தான் கூலியை உயர்த்த மறுக்கிறார்கள். பிறவிக்குணத்துக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? பல ஆண்டுப் பயிற்சியால் வரும் தேர்ச்சி என்று ஒப்புக்கொண்டால் அதற்கு உரிய கூலி தர வேண்டும், விரும்பி வருகிற எந்தக் குலத்துப் பிள்ளைக்கும் வயது வந்தபின் கற்றுத்தரப் பயிற்சிக்கூடம் வேண்டும். நெசவைக் காப்பாற்ற நான் அறிந்த வழி அதுதான்.

என் பக்கத்தில் நிற்பவர்களிடமும் ஒரு வார்த்தை. எல்லாம் வளர்ப்புதான், ஒரு டஜன் குழந்தைகளைக் கொடுங்கள், விரும்பியபடி ஆக்கிக் காட்டுகிறேன் என்று ஜான் வாட்சன் 1920களில் பேசினார். அதே தொனியில் இன்று "மனசு வெச்சா முடியும்" என்று ஊக்கப் பேச்சாளர்கள் பள்ளிகளில் முழங்குகிறார்கள். மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்த குழந்தைகள் வாழ்க்கையில் வென்றார்கள் என்ற வால்டர் மிஷெலின் ஆய்வைக் காட்டுகிறார்கள். 2018இல் டைலர் வாட்ஸ் குழு அதிகக் குழந்தைகளோடு திரும்பச் செய்தபோது தொடர்பு பாதியாகச் சுருங்கியது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் இன்னும் பெருமளவு கரைந்தது. ரத்தம் போதாது என்றவர்கள் மனவுறுதி போதாது என்கிறார்கள். இரண்டிலும் பழி பிள்ளை மேல்.

விதிப்படிதான் நடக்கும் என்பது நம் மரபு என்றும் சிலர் சொல்கிறார்கள். மாகறலில் நின்று அதைச் சொல்ல முடியாது. திருமாகறலீசர் மேல் சம்பந்தர் பாடிய மூன்றாம் திருமுறைப் பதிகத்தை வினை தீர்க்கும் பதிகம் என்று ஓதுகிறார்கள். வினை தீரும் என்பதே அங்கே நம்பிக்கை. தலவரலாறாகச் சொல்லும் கதை ஒன்றும் உண்டு. நாள்தோறும் ஒரு பழம் தரும் பலாமரம் இந்த ஊரில் இருந்ததாம். ராஜேந்திர சோழன் ஆணைப்படி ஊரார் முறை வைத்துத் தில்லைக்குப் பழம் சுமந்தார்கள். முறை வந்தபோது ஒரு சிறுவன் சுமக்க மறுத்து மரத்தையே எரித்துவிட்டான். அரசன் அவனை நாடு கடத்தினான். கதையின் மீதிப்பகுதி பொன் உடும்பு, புற்று, லிங்கம் என்று கோயிலுக்குப் போகிறது. எனக்கு அந்தச் சிறுவன் முக்கியம். தகப்பன் சுமந்தான், ஆகவே நீயும் சும என்பதை ஏற்காத ஒரு பிள்ளையை இந்த ஊர் தன் கோயில் கதைக்குள்ளேயே வைத்திருக்கிறது.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. நாங்குநேரியில் பள்ளி மாணவர் சாதிப் பகையால் வெட்டப்பட்ட சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024இல் அரசிடம் அறிக்கை தந்தது. மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய எந்தக் குறிப்பும் இருக்கக் கூடாது, ஆசிரியர்கள் மாணவரைச் சாதி சொல்லி அழைக்கக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. உதவித்தொகைக்கான விவரம் அலுவலகத்தில் இருந்தால் போதும். அந்தப் பரிந்துரையைக் காஞ்சிபுரம் மாவட்டப் பள்ளிகள் முழுமையாகக் கடைப்பிடிக்க வேண்டும். வகுப்பில் பிள்ளையை எழுப்பி நிறுத்தி "உங்கப்பா என்ன வேலை?" என்று கேட்கும் பழக்கத்தையும் அதோடு சேர்த்து நிறுத்த வேண்டும்.